பிபிசிக்கு ஒரு திறந்த மடல்: அந்த அரை மணி நேரத்தை எங்கே வைக்கப் போகிறீர்கள்?

மதிப்புக்குரிய பிபிசி நிர்வாகத்தினருக்கு,

லண்டனின் கிழக்குப் பக்கத்திலிருந்து, உங்களை நடத்துகிற டிவி லைசென்ஸ் கட்டணத்தை ஆண்டு தவறாமல் கட்டுகிற ஒரு தமிழன் எழுதிக்கொள்வது. நலம். உங்கள் நலத்தைப் பற்றித்தான் கொஞ்ச நாளாகக் கவலையாக இருக்கிறது.

ஏன் தமிழில் எழுதுகிறான் இவன் என்று கேட்கலாம். 1941 முதல் தமிழில் பேசி வருகிற நிறுவனம் நீங்கள். வாசித்துச் சொல்ல உங்கள் கட்டடத்திலேயே ஆள் இருக்கிறார்கள். அதோடு, மனத்தாங்கலை இன்னொரு மொழியில் எழுதினால் அது விண்ணப்பப் படிவம் மாதிரி ஆகிவிடுகிறது.

விசயம், மாதம் ஒருமுறை உங்கள் டிவியில் வருகிற ‘தி ஸ்கை அட் நைட்’ என்ற வானியல் நிகழ்ச்சி பற்றியது. 2027 ஏப்ரல் 24 அன்று அந்த நிகழ்ச்சிக்கு 70 வயது. அதே 2027 டிசம்பர் 31-ஆம் தேதி நீங்கள் இயங்க அடிப்படையான அரச சாசனம் காலாவதியாகிறது. இதற்கெல்லாம் முன்பே, 2022 மே மாதம், பிபிசி ஃபோர் அலைவரிசையை வருங்காலத்தில் வழக்கமான ஒளிபரப்பிலிருந்து எடுத்து இணையத்துக்கு மட்டும் கொண்டுபோகும் எண்ணம் இருக்கிறது என்று நீங்களே அறிவித்திருந்தீர்கள். அந்த அலைவரிசையில்தான் 2014 முதல் இந்த நிகழ்ச்சி குடியிருக்கிறது. எழுபதாம் பிறந்தநாள், சாசனம், வீடு காலி செய்யும் அறிவிப்பு ஆகிய மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கிறவனுக்கு வயிற்றைக் கலக்கத்தானே செய்யும்.

நான் எப்படி இந்த நிகழ்ச்சிக்குள் வந்து விழுந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் வளர்ந்த யாழ்ப்பாணத்தில் 1990-க்குப் பிறகு மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெயும் பஞ்சுத் திரியும் வைத்த விளக்கில்தான் படிப்பு. அப்படிப்பட்ட ஊரில் வானம் எவ்வளவு வடிவாகத் தெரிந்திருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். தெரிந்தது. ஆனால் அண்ணாந்து பார்த்தது பொம்மர் (குண்டுவீச்சு விமானம்) வருகிறதா, பரா வெளிச்சம் (வானத்திலிருந்து மிதந்து இறங்கும் வெளிச்சக் குண்டு) போடுகிறானா என்று பார்க்க. அம்மம்மா மட்டும் கிணற்றடியில் நின்று ஆறுமீன் கூட்டத்தையும் திருவாதிரையையும் காட்டுவார். எங்களுக்கு அதிலே மனம் போகவில்லை. பால்வீதி முழுக்கத் தலைக்கு மேல் ஓடிய காலத்தில் பங்கருக்குள் இருந்தோம். பார்க்கலாம் என்று மனம் வந்தபோது லண்டனில், தெருவிளக்குக்குக் கீழே வந்து நின்றேன்.

1998 இலையுதிர் காலம். ஒரு வீட்டில் ஆறு பொடியன்கள். பெற்றோல் ஸ்டேஷன் வேலை முடிந்து ஞாயிறு நள்ளிரவு வாக்கில் வந்து, சத்தத்தைக் குறைத்து டிவியைப் போட்டால், ஒரு கண்ணில் மட்டும் கண்ணாடி செருகிய பெரிய மனுசர் ஒருவர் சன்னம் தெறிக்கிற வேகத்தில் ஆங்கிலம் பேசிக்கொண்டிருந்தார். பத்தில் இரண்டு சொல் பிடிபட்டது. ஒன்று ‘ஜூப்பிட்டர்’, அதாவது வியாழன் கோள். இன்னொன்று ‘தெற்கே’. சரி, பார்ப்போமே என்று சோற்றுக் கோப்பையுடன் பின் கதவைத் திறந்து தெற்கே பார்த்தேன். விளக்கு வெளிச்சம், புகை எல்லாவற்றையும் மீறி அது அங்கே நின்றது. உள்ளே வந்தபோது நிகழ்ச்சி முடிந்து அதன் அடையாள இசையான, சிபேலியஸ் என்ற இசையமைப்பாளரின் இசை ஓடிக்கொண்டிருந்தது. என்னை எழுப்பி வெளியே அனுப்பிய முதல் டிவி நிகழ்ச்சி அதுதான். மற்றதெல்லாம் என்னை நாற்காலியில் இருத்தப் பார்த்தவை.

இதைத்தான் உங்களுக்கு முதலில் சொல்ல வேண்டும். அண்டத்தைப் பற்றிப் பிரமாண்டமான தொடர்கள் உங்களிடம் நிறைய இருக்கின்றன. எரிமலை விளிம்பில் நின்று அழகான ஒருவர் பேசுவார், பின்னணியில் வாத்தியங்கள் முழங்கும். நானும் வாயைப் பிளந்து பார்ப்பேன். பார்த்து முடித்துவிட்டுத் தூங்கப் போவேன். ‘தி ஸ்கை அட் நைட்’ அப்படி இல்லை. அது முடியும்போது என் சப்பாத்து எங்கே என்று தேடுகிறேன்.

1957-இல் தொடங்கியபோதே அது அப்படித்தான். 1956 நவம்பரில் பெல்ஜியத்தின் உக்லே வானாய்வகத்தில் சில்வேன் அராங், ஜார்ஜ் ரோலான் என்ற இருவர் கண்டுபிடித்த வால்வெள்ளி ஒன்று அடுத்த ஏப்ரலில் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. சூரியனுக்கு எதிர்த்திசையில் நீள வேண்டிய வாலோடு, சூரியனை நோக்கியும் ஈட்டி மாதிரி ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்த விசித்திரமான வால்வெள்ளி. அதைப் பற்றிப் பேசித்தான் பேட்ரிக் மூர், நான் பார்த்த அந்த ஒற்றைக் கண்ணாடி மனுசர், முதல் நிகழ்ச்சியை நடத்தினார். ஸ்புட்னிக் பறக்க இன்னும் ஐந்து மாதத்துக்கு மேல் இருந்தது. அந்த வால்வெள்ளி போன பாதை திறந்த பாதை. சூரியக் குடும்பத்தை விட்டே போய்க்கொண்டிருக்கிறது, இனித் திரும்பாது. ஒரு தடவை வந்துபோகிற விருந்தாளியைக் காட்டத் தொடங்கிய நிகழ்ச்சி, மாதம் ஒரு தடவை என்று இத்தனை ஆண்டு நிலைத்ததை நினைத்தால் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

அந்தக் காலத்து நேரலைக் கூத்துகளை மூர் சொல்லக் கேட்க வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போது வாய்க்குள் ஒரு பெரிய ஈ போய்விட்டது. நேரலை, துப்ப முடியாது. விழுங்கிவிட்டுத் தொடர்ந்தார். 1959 அக்டோபரில் சோவியத் ஒன்றியத்தின் லூனா 3 நிலவின் மறுபக்கத்தைப் படம் பிடித்தது. மனிதன் அதுவரை கண்டிராத அந்தப் படம் நிகழ்ச்சி போய்க்கொண்டிருக்கும்போதே வந்து சேர, ஒத்திகை ஏதுமில்லாமல் அதைப் பார்த்து அங்கேயே விளக்கினார். நிலவின் விளிம்புப் பகுதிகளைத் தன் தொலைநோக்கியில் ஆண்டுக்கணக்காக வரைந்து வைத்திருந்த ஆள் என்பதால் முடிந்தது. எழுதிக் கொடுத்ததை வாசிக்கிற ஒருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் வெறும் சாம்பல் நிறப் புள்ளிகளைப் பார்த்து முழித்திருப்பார்.

55 ஆண்டுகள். 2004 ஜூலையில் கெட்டுப்போன வாத்து முட்டை ஒன்று அவரைப் படுக்கையில் போட்டது. அந்த ஒரு மாதம் மட்டும்தான் வரவில்லை, கிறிஸ் லின்டாட் என்ற இளம் வானியலாளர் அவர் இடத்தில் நின்றார். மற்றபடி 2012 டிசம்பர் 9-ஆம் தேதி 89 வயதில் இறக்கிறவரை விடவில்லை. கடைசிக் காலத்தில் உடம்பு ஒத்துழைக்காதபோது, நிகழ்ச்சியே சசெக்ஸ் கடற்கரையில் செல்சி (Selsey) என்ற ஊரில் இருந்த அவர் வீட்டுக்குப் போய்ப் படம்பிடித்தது.

ஒரே ஆள் ஒரு நிகழ்ச்சியை இவ்வளவு காலம் நடத்தியது உலக சாதனை, சரி. சாதனைக்காக நான் இதைச் சொல்லவில்லை. சனிக்கோள் சூரியனைச் சுற்ற ஏறக்குறைய இருபத்தொன்பதரை ஆண்டு. அதன் வளையங்கள் நம் பக்கம் விளிம்பைக் காட்டி, தாள் ஓரம்போல மெலிந்து, காணாமலே போகிற காட்சி சுமார் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும். 1966, 1980, 1995, 2009 என்று நான்கு தடவை அது வந்தபோதும் மூர்தான் நிகழ்ச்சியில் இருந்தார். ‘போன தடவை நான் பார்த்தபோது’ என்று அவர் தொடங்கினால் அந்தப் ‘போன தடவை’க்குப் பதினைந்து வயது. வானத்தின் கடிகாரம் அப்படித்தான் ஓடுகிறது. உங்கள் நிகழ்ச்சி நிரல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறது. இரண்டையும் ஒரே ஆள் கையாண்டால்தான் பார்க்கிறவனுக்கு ஒரு பிடிமானம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த மனுசர் என்னைப் போன்றவர்கள் இந்த நாட்டுக்கு வருவதை விரும்பியவரில்லை. 1970களின் கடைசியில், குடியேற்றத்தை எதிர்த்த ஒரு சிறு கட்சிக்குத் தலைவராகவே இருந்தார். 2007-இல், பெண்கள் நிர்வாகத்துக்கு வந்ததால் பிபிசி கெட்டுப்போனது என்று பேட்டி கொடுத்தார். இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது பல ஆண்டுகள் கழித்து. ஒரு வாரம் நிகழ்ச்சியைப் பார்க்கவே மனம் வரவில்லை. (மாதம் ஒருமுறை வருகிற நிகழ்ச்சியை ஒரு வாரம் பகிஷ்கரிப்பது பெரிய தியாகம் இல்லை என்பது தெரியும்.) அப்புறம் ஒரு நாள் வியாழன் கோள் தெற்கே வந்து நின்றபோது, அதைக் காட்டித் தந்தவர் அவர்தானே என்ற நினைப்பும் கூடவே வந்தது. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றைக் காட்டி மற்றதை அழிக்க இன்றுவரை முடியவில்லை.

அவருடைய இடத்துக்கு 2014 பிப்ரவரியில் யார் வந்தார்? மேகி அடெரின்-போகாக். நைஜீரியாவிலிருந்து வந்த பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது, தூங்கும் நேரம் தாண்டி விழித்திருந்து இந்த நிகழ்ச்சியைப் பார்த்தவர். கடையில் வாங்க வசதி போதாமல், மாலை வகுப்புக்குப் போய்க் கண்ணாடியைத் தானே தேய்த்துத் தொலைநோக்கி செய்தவர். சிலியில் உள்ள ஜெமினி தொலைநோக்கிக்கும் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கிக்கும் நிறமாலைமானி (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து ஆராயும் கருவி) செய்த குழுக்களில் வேலை பார்த்த பொறியாளர். 2024-இல், ஆண்களுக்குக் கொடுக்கும் ‘சர்’ பட்டத்துக்கு இணையான ‘டேம்’ பட்டம் கொடுத்தார்கள். மூர் என்ன நினைத்தாலும், அவருடைய நிகழ்ச்சி யார் யாரையெல்லாம் வானத்தைப் பார்க்க வைத்தது என்பதற்கு இவர் ஒருவர் போதும்.

அவர் வந்த அடுத்த மாதமே என்ன நடந்தது என்பது நினைவிருக்கிறதா? 2014 மார்ச்சில், தென்துருவத்தில் தொலைநோக்கி வைத்து ஆராய்ந்த பைசெப்2 குழு அண்டத்தின் தொடக்கம் பற்றிய ஒரு பெரிய அறிவிப்பைச் செய்தது. (பிற்பாடு அதில் பெரும்பகுதி நம் பால்வீதியின் தூசி என்று தெரிந்தது, அது வேறு கதை.) அதைப் பற்றி உங்கள் செய்தி நிகழ்ச்சியில் பேச அடெரின்-போகாக்கும், இலங்கையில் பிறந்த அண்டவியலாளர் ஹிரண்யா பீரிஸும் வந்தார்கள். நாளிதழ் ஒன்றில் ஒரு பத்தி, இவர்களைத் தோல் நிறத்துக்காகவும் பெண்கள் என்பதற்காகவும் கூப்பிட்டதுபோல எழுதியது. பீரிஸ், அண்டப் பின்னணிக் கதிர்வீச்சை (அண்டம் தொடங்கிய காலத்தின் மிச்ச ஒளி) அளந்த டபிள்யூமேப், பிளாங்க் என்ற இரண்டு விண்கலத் திட்டங்களிலும் வேலை செய்தவர். அந்தத் தலைப்பில் பேச அவரைவிடப் பொருத்தமானவரை எங்கே போய்த் தேடுவது? அவர்கள் பணியாற்றிய பல்கலைக்கழகம் பகிரங்கமாக எதிர்த்தது. அன்றிரவு எங்கள் வீட்டில் மகள் கேட்ட கேள்வி, ‘அப்பா, அந்த அன்ரி எங்கட நாடா?’ ‘ஓம், எங்கட தீவு’ என்றேன். ஒரு சின்னப் பெருமை.

அதனால்தான் சொல்கிறேன், தொகுப்பாளர்களில் கை வைக்காதீர்கள். எழுபதாம் ஆண்டு, புதுப்பொலிவு, இளைஞர்களைக் கவர்வது என்றெல்லாம் ஒரு கூட்டத்தில் யாராவது தொடங்குவார்கள், எனக்குத் தெரியும். ஒரு நகைச்சுவை நடிகரை நடுவில் போட்டு, அவர் அப்பாவியாகக் கேள்வி கேட்க, விஞ்ஞானி ஓரத்தில் நின்று பதில் சொல்வதுதான் இப்போது எல்லா இடத்திலும் நடக்கிற ஏற்பாடு. இந்த ஒரு நிகழ்ச்சியாவது அதிலிருந்து தப்பட்டும். இங்கே பேசுகிறவர்கள் மறுநாள் காலையில் அந்த வேலைக்கே போகிறவர்கள். லின்டாட் ஆக்ஸ்ஃபோர்டில் வானியற்பியல் பேராசிரியர். 2007 ஜூலையில் அவரும் கூட்டாளிகளும் ‘கேலக்ஸி ஸூ’ என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். கிட்டத்தட்ட பத்து லட்சம் விண்மீன் திரள்களின் படங்களை இணையத்தில் போட்டு, இது சுருளா, நீள்வட்டமா என்று பொதுமக்களைப் பார்த்துப் பிரிக்கச் சொன்னார்கள். ஹானி ஃபான் ஆர்கல் என்ற நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை, ஒரு திரளுக்குப் பக்கத்தில் பச்சை நீலமாக ஒரு கறையைப் பார்த்து இது என்ன என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அணைந்துபோன ஒரு குவாசரின் (மிகப் பிரகாசமாக எரியும் விண்மீன் திரள் மையம்) பழைய வெளிச்சம் பட்டு மின்னும் வாயு மேகம் அது என்று பிறகு தெரிந்தது. இன்று அதற்கு ‘ஹானியின் பொருள்’ என்றே டச்சு மொழியில் பெயர்.

பார்க்கிறவனையும் வேலையில் சேர்த்துக்கொள்கிற அந்த மனசு இந்த நிகழ்ச்சியிலிருந்து வந்ததுதான். லின்டாட் பள்ளிப் பையனாக இருந்தபோது பார்த்து வளர்ந்த நிகழ்ச்சி. மூர் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்கினார். குரு சீடன் மாதிரி. அடுத்த தலைமுறை வர வேண்டும் என்றால் இதே வழியில் வரட்டும். புறக்கோள் (வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்) ஆய்வாளர் ஜார்ஜ் டிரான்ஸ்ஃபீல்டைச் சேர்த்துக்கொண்டது அப்படி ஒரு நல்ல காரியம். அவரைப் பத்து ஆண்டு விடுங்கள், பிறகு பாருங்கள். ஹேலி வால்வெள்ளி 2061-இல் திரும்பும்போது லின்டாட்டுக்கு 80 வயது. மூர் 89 வரை இருந்தாரே, இவர் ஏன் இருக்கக்கூடாது?

பீட் லாரன்ஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த மாதம் எங்கே எதைப் பார்ப்பது என்று அவர் சொல்கிற சில நிமிடங்கள் இருக்கின்றனவே, என் கணக்கில் நிகழ்ச்சியின் முதுகெலும்பு அதுதான். அடுத்த வெள்ளி விடிய ஐந்து மணிக்கு நிலவுக்குப் பக்கத்தில் விடிவெள்ளி நிற்கும் என்று சொல்வார். நான் அதைக் குளிர்சாதனப் பெட்டியில், பால் வாங்க வேண்டும் என்று எழுதிய தாளிலேயே எழுதி ஒட்டுவேன். பெரிய கண்டுபிடிப்புகளுக்கு இடம் வேண்டி அவருடைய பகுதியை நறுக்க யாராவது நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். கருந்துளையைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எங்கள் பின்வளவில் ஒன்பது மணிக்கு எது தெரியும் என்று சொல்ல ஒருவர்தான்.

2013 இலையுதிர் காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மூர் இறந்து ஓராண்டு ஆகவில்லை. நிகழ்ச்சி நிறுத்தப்படலாம் என்று பேச்சு அடிபட, பல்லாயிரம் பேர் மனுவில் கையெழுத்திட்டார்கள். நானும் போட்டேன். வீட்டிலிருந்த ஆறு பேரில் இருவர் இப்போது வேறு நாட்டில், அவர்களிடமும் வாங்கினேன். நீங்கள் நிறுத்தவில்லை. பிபிசி ஒன்றிலிருந்து எடுத்து பிபிசி ஃபோரில் வைத்தீர்கள், அரை மணி நேரம் கொடுத்தீர்கள். அதற்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன், உண்மையாகவே. முன்பைவிட நிதானமாக, இன்னும் நன்றாக ஆனது என்றுகூடச் சொல்வேன். ஆனால் பெரிய வீட்டிலிருந்து சின்ன வீட்டுக்கு மாற்றி, இப்போது சின்ன வீட்டையும் இடிக்கப் போவதாகச் சொன்னால் குடியிருப்பவர் என்ன நினைப்பார்?

‘இணையத்தில் இருக்குமே, ஐபிளேயரில் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாமே’ என்பீர்கள். இந்தப் பேச்சை நாங்கள் முன்பே கேட்டிருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் பற்றரி கிடைக்காத காலத்தில், சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோவைப் பூட்டி இரவு ஒன்பதே காலுக்கு உங்கள் தமிழோசையைக் கேட்டோம். சுற்றுகிறவன் களைத்தால் செய்தி தேய்ந்துபோகும். ‘டேய், சுத்தடா’ என்று பெரியவர்கள் கத்துவார்கள். ஒரு தெருவே ஒரு முற்றத்தில் கூடியிருக்கும். 2017 ஏப்ரலோடு அந்த வானொலி ஒலிபரப்பை நிறுத்தினீர்கள். பிபிசி தமிழ் இணையத்தில் இருக்கிறது, முன்பைவிட அதிகமாக எழுதுகிறது, நானும் தினம் வாசிக்கிறேன். ஆனால் ஒன்பதே கால் என்ற அந்த நேரம் போய்விட்டது. எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்று ஆனபின் நாங்கள் ஒரு முற்றத்தில் கூடவில்லை.

மற்ற நிகழ்ச்சிகளுக்கு எப்படியோ, இதற்கு நேரம் முக்கியம். உணவு செய்வதை எந்த மாதமும் பார்க்கலாம். ஆகஸ்ட் 12 இரவு எரிவெள்ளிகளை எண்ணச் சொல்கிற நிகழ்ச்சியை அக்டோபரில் பார்த்து என்ன செய்வது? மாதத்தின் தொடக்கத்தில், எல்லாரும் ஒரே இரவில் பார்த்து, ஒரே இரவில் வெளியே போகிறபோதுதான் அது வேலை செய்கிறது.

இனிப் பக்கத்து வீட்டுக்காரர். எண்பது தாண்டிய ஆங்கிலேயர், தனியாக இருக்கிறார். எங்கள் ஊரில் வேலி என்றால் வழக்கு, ஒரு முழம் தள்ளிப் போட்டதற்கு மூன்று தலைமுறை கோர்ட்டுக்கு நடந்த குடும்பங்கள் உண்டு. இங்கே எனக்கும் அவருக்கும் சிநேகம் வந்ததே வேலியால்தான். அவருடைய பின்சுவரில் ஒரு பாதுகாப்பு விளக்கு. பூனை நடந்தாலும் பகல்போல எரியும். ஒரு நாள் நான் தொலைநோக்கியை நிறுத்தி (ஒரு கடையில் மலிவாக வாங்கியது, மூன்றுகாலி ஆடும், ஒரு காலுக்குக் கீழே அரிசிப் பையை அண்டைகொடுத்திருக்கிறேன்), சனிக்கோளைப் பிடித்துவைத்த நேரத்தில் விளக்குப் பற்றியது. வாய்க்குள் முணுமுணுத்தேன். வேலிக்கு மேலால் தலை தெரிந்தது. என்ன பார்க்கிறாய் என்றார். சொன்னேன். உள்ளே போய் விளக்கை அணைத்துவிட்டு, படுக்கை அங்கியோடு கதவைத் திறந்து எங்கள் பக்கம் வந்தார். கண்ணை வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, சின்ன வயதில் மூரின் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு அப்பாவோடு தெருவில் நின்றதைச் சொன்னார்.

அன்றிலிருந்து ஓர் ஒப்பந்தம். நிகழ்ச்சி வந்த மறுநாள் வானம் வெளுத்திருந்தால் விளக்கு எரியாது. என் மனைவி மூன்று பேருக்கும் இஞ்சித் தேநீர் கொண்டுவருவார். 2025-இல் வளையம் ஊசியாக மெலிந்திருந்த சனியைப் பார்த்துவிட்டு, ‘இதை இன்னொரு தடவை நான் பார்க்கப் போவதில்லை’ என்றார், சாதாரணமாக, கடையில் பாண் முடிந்துவிட்டது என்பதுபோல.

அவரிடம் கணினி இல்லை. கைத்தொலைபேசி பொத்தான் வைத்தது. டிவி இருக்கிறது, அதில் பிபிசி ஃபோர் வருகிறது. 2025 ஏப்ரலில் 174 பவுண்ட் 50 பென்ஸ் ஆன அதே லைசென்ஸை அவரும் கட்டுகிறார். பிபிசி ஃபோர் அலைவரிசை நின்ற அன்று அவருக்கு இந்த நிகழ்ச்சி நின்றுவிடும். இணையத்தில் இருக்கிறது என்று நான் சொல்லலாம், என் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டலாம், காட்டுவேன். அவரைப் போன்ற எல்லாருக்கும் பக்கத்து வீட்டில் ஒரு தமிழன் இருப்பானா?

நான் கேட்பது பெரிய பணம் பிடிக்கிற காரியமில்லை. பிபிசி ஃபோர் போகும் என்றால் இதை பிபிசி இரண்டுக்குக் கொண்டுவாருங்கள். ஞாயிறு என்றும் திங்கள் என்றும் மாற்றாமல், மாதத்தின் முதல் ஏதோ ஒரு கிழமை என்று நிலையாக வையுங்கள். பத்து மணிக்கு முன்பே வைத்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பார்ப்பார்கள், மேகி அடெரின்-போகாக் மாதிரி அடம்பிடித்து விழித்திருக்கத் தேவையில்லை. அதே அரை மணி நேரம் போதும், நீட்ட வேண்டாம்.

எழுபதாவது ஆண்டுக்கு என்ன விழா எடுக்கலாம் என்று யோசித்தால், பழைய பெட்டிகளைத் திறவுங்கள். ஆரம்பக் கால நிகழ்ச்சிகள் பலவற்றை வைத்திருக்கவில்லை என்பது தெரிந்த கதை. நேரலையில் போனது காற்றோடு போயிற்று, பதிவான நாடாக்களிலும் பலதை அழித்து மறுபடி பயன்படுத்தினார்கள். அப்பல்லோ 11 இறங்கிய இரவில் உங்கள் ஸ்டூடியோவில் பேசியதே மிஞ்சவில்லை என்னும்போது இதைப் பற்றி என்ன சொல்ல. யாரையும் குறை சொல்லவில்லை, அன்றைக்கு நாடாவின் விலை அப்படி. ஆனால் மிஞ்சியிருப்பதை எல்லாருக்கும் திறந்துவிடலாமே. ஆண்டுக்கு ஒன்றாகவாவது போடுங்கள். 1966-இல் சனியைப் பற்றி என்ன நினைத்தோம், வாயேஜர் விண்கலம் போன பிறகு என்ன நினைத்தோம் என்று அடுத்தடுத்துப் பார்க்கிற பிள்ளைக்கு, அறிவியல் தன் பேச்சைத் தானே திருத்திக்கொள்கிற விதம் பாடப் புத்தகத்தைவிடத் தெளிவாகப் புரியும்.

தொகுப்பாளர்களுக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை சனியின் வளையம் மெலியும் ஆண்டு வரைக்குமாவது. அது 2038-39.

கடைசியாக ஒரு சின்ன உதவி. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, அடுத்த நிகழ்ச்சி எந்தக் கிழமை என்று அவர் நேற்றும் கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அடுத்த மாதத்துக்கு மட்டுமில்லாமல், 2027-க்கும் சேர்த்துத் தேதிகளை அனுப்பிவைத்தால், ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அவர் கதவில் போட்டுவிடுவேன். விளக்கை எப்போது அணைப்பது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
கிழக்கு லண்டனிலிருந்து ஒரு நேயர்